கூத்துக்காரருக்கு விருது கொடுத்தாச்சு, கூத்து நடக்க மண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனிக் கடைசியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் திருவண்ணாமலை, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஊர் ஊராக திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம், அதாவது மகாபாரதக் கதையைப் பல நாள் கூத்தாக ஆடும் விழா, நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் தீமிதிக்கு மறுநாள் பத்திரிகைகளில் ஒரு படம் வரும், கீழே 'பக்தர்கள் நேர்த்திக்கடன்' என்று ஒரு வரி வரும், அத்தோடு சரி. அதற்கு முன்னால் பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கு மேலும் அந்த ஊரின் தெரு, ஏரிக்கரை, மந்தைவெளி எல்லாம் சேர்ந்து ஆடி முடித்த ஒரு பெரிய நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நான் எழுத வந்தது அந்த நாடகத்தைப் பற்றியும், அதற்குக் காலடியில் இருக்கும் நிலத்தைப் பற்றியும். கடிதம் கொஞ்சம் நீளம், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் செய்யாறு பக்கத்துக்காரன். வேலை காஞ்சிபுரத்தில். கோடை வந்தால் லீவு போட்டுவிட்டு பாரதம் நடக்கிற ஊர்களுக்குப் போய்விடுவேன். சின்ன வயதில் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போன பழக்கம், இன்னும் விடவில்லை.

சென்னையில் தெருக்கூத்து என்றால் பலருக்கும் மனதில் வருவது ஒரு அரங்கம், ஒரு மேடை, கர்ணனோ துரியோதனனோ முக்கால் மணி நேரம் ஆடி முடித்ததும் ஒரு பொன்னாடை. அதில் ஆடுபவரும் அதே கலைஞர்தான், அந்த உழைப்பும் உழைப்புதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் பாரதம் பார்ப்பது வேறு சமாசாரம். அங்கே கதை ஒரு இடத்தில் நிற்காது, அதனால் பார்க்கிறவர்களும் நிற்க முடியாது. மதியம் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாட்டைச் சொல்லி விளக்கம் சொல்வார், வயதானவர்கள் கோயில் நிழலில் உட்கார்ந்து கேட்பார்கள், இரவு பத்து மணிக்கு மேல் கூத்து ஆடும் இடமான களரியைக் கட்டி, முகவீணை என்கிற சின்ன நாயனம் ஒலிக்க ஆரம்பித்தால் விடிய விடியக் கூத்து. இது தினசரி நடப்பது. இதில் சில நாட்களில் கதை களரியை விட்டு எழுந்து ஊருக்குள் நடக்க ஆரம்பித்துவிடும். நான் சொல்ல வருவது அந்த நாட்களைத்தான்.

பகாசூரன் கதை நடக்கும் நாளில் பீமன் வண்டியேறி ஊர்த் தெருவில் வருவார். வேடம் கட்டிய பீமன், புஜக்கட்டையும் கிரீடமும் மார்பதக்கமும் வெயிலில் மின்ன, மாட்டு வண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வீடு சோறு கேட்பார். வீட்டுக்காரம்மா படையல் போல இலையில் பொங்கலோ களியோ கொண்டுவந்து கொடுத்தால் பாதியை வாயில் போட்டுக்கொண்டு 'இது எந்த மூலைக்குப் பத்தும்?' என்று அதட்டுவார், பின்னால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் வண்டியோடு ஓடும். அசுரனுக்குப் போகிற சோற்றை ஊரே கொடுக்கிறது, ஊரே கூட நடந்துபோய் எல்லையில் சண்டையைப் பார்க்கிறது. பார்ப்பவர் யார், கதைக்குள் இருக்கும் ஏகசக்கர ஊர்க்காரர் யார் என்று அந்த நேரத்தில் பிரிக்கவே முடியாது.

அர்ச்சுனன் தபசு இன்னொரு நாள். ஐம்பது அடிக்குக் குறையாத பனை மரத்தை நட்டு, குறுக்கே படி கட்டி, உச்சியில் ஒரு சின்னப் பரண் போட்டிருப்பார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடிக்கொண்டே ஏறுவார், கீழே ஆர்மோனியமும் மிருதங்கமும் அவர் மூச்சுக்குக் காத்திருக்கும். குழந்தை வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றித் தரையில் விழுந்து கும்பிட்டுக் கிடப்பார்கள். மேலே போனதும் அவர் மடியில் இருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் எறிவார், அதை மடியேந்திப் பிடிப்பதற்கு ஒரு தள்ளுமுள்ளு நடக்கும் பாருங்கள். நான் பார்த்த ஒரு ஊரில் விடியற்காலை அந்த நேரம், களரியை விட்டு மரத்தடிக்குப் போகச் சோம்பல்பட்டு டீக்கடை ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்து ஒரு ஆயா, 'இன்னாப்பா, இன்னும் அங்கியே நின்னுகினு கீற, அர்ச்சுனரு மரத்தாண்ட போய்ட்டாரு, ஓடியா ஓடியா' என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். நடிகர் பெயர் அந்த ஆயாவுக்குத் தெரியும், பக்கத்து ஊர்க்காரர்தான், ஆனால் அன்றைக்கு அவர் அர்ச்சுனர்.

சில ஊர்களில் விராட பர்வத்து மாடுபிடி சண்டைக்கு நிஜமாகவே ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதை விவரிக்க ஆரம்பித்தால் கடிதம் முடியாது. நேராகப் படுகளத்துக்கு, துரியோதனன் விழும் போர்க்களக் காட்சிக்கு, வருகிறேன்.

பதினெட்டாம் போர் கூத்து விடிய விடிய நடந்து முடிகிற காலை அது. முந்தின நாளில் இருந்தே மந்தைவெளியில் ஈர மண்ணைக் குவித்துக் குவித்து துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். முப்பது அடி, நாற்பது அடி, சில ஊர்களில் அதற்கும் மேல். ஏரியில் இருந்து டிராக்டரில் மண் வரும். ஒருத்தர் தண்ணீர் ஊற்ற, நாலு பேர் மிதிக்க, மண் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் மட்டும் முகத்துக்குப் போவார். மூக்கை அவர் கட்டை விரலால் இழுத்து எடுக்கிற விதத்தைப் பார்க்க நான் நடு ராத்திரியில் கூத்தை விட்டு எழுந்து போயிருக்கிறேன். சுண்ணாம்பில் கண், கரியில் மீசை, கலர் பொடியில் கிரீடமும் நகையும். தொடையில் குழி பறித்து உள்ளே சிவப்புத் தண்ணீர் நிரம்பிய பானையை வைத்து மேலே மண் பூசிவிடுவார்கள். அது எங்கே இருக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் அதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

பொழுது ஏறினதும் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தை எடுத்துக்கொண்டு அந்த மண் உருவத்தைச் சுற்றி ஓட ஆரம்பிப்பார்கள். ராத்திரி முழுக்க ஆடிய அதே ஆட்கள், வேடம் பாதி கலைந்திருக்கும், காலில் சலங்கை, செருப்பு கிடையாது. துரியோதனன் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவார், கூட்டம் பிளந்து வழி விடும், பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடும், பீமன் துரத்துவார், வாழைத் தோப்பு வரை போய்த் திரும்பி வருவார்கள். நமக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாது, அவர்கள் வந்தால் நாமும் ஓட வேண்டியதுதான். கடைசியில் மண் துரியோதனனின் மேல் ஏறி நின்று இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், கிருஷ்ணன் வேடக்காரர் ஓரமாக நின்று தன் தொடையைத் தட்டிக் காட்டுவார், பீமன் ஓங்கி அடித்ததும் பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் மண்ணில் ஓடும். அப்போது திரௌபதி வருவாள். சபையில் சபதம் போட்டு விரித்த கூந்தல், அத்தனை நாளும் விரித்தபடியே இருந்த கூந்தல், அந்தச் சிவப்பைத் தொட்டு முடியப்படும். சுற்றி நிற்கிற பெண்கள் சத்தமே இல்லாமல் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். குலவை போடுகிறவர்களும் உண்டு. அப்புறம் காந்தாரி வந்து மகன் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பாள், அது இன்னும் பொறுக்க முடியாது. எல்லாம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், நெல்லு மூட்டையில் போடுவதற்கும் நிலத்தில் தூவுவதற்கும். சாயங்காலம் தீமிதி. பத்திரிகைப் படம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன்.

2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர், கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை, எல்லாருக்கும் பெருமை. நலவாரியம், ஓய்வூதியம், விருது, ஆடை அணிகலன் வாங்க உதவி என்று கலைஞர்களுக்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றி கொஞ்சமாவது பேசுகிறார்கள், செய்கிறார்கள். இன்னும் செய்ய வேண்டும். ஆனால் இந்த நாடகத்துக்கு நடிகர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ஊர் நடுவில் வெறும் மண்ணாகக் கிடக்கிற அந்தத் திடல். அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அது ஒவ்வொரு ஊராகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் ஊருக்கு நல்லது செய்கிறோம் என்ற பெயரில்.

ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம், வந்தவாசி வட்டம் என்பது மட்டும் போதும். கோயிலுக்கு எதிரே இரண்டு ஏக்கருக்குக் குறையாத மந்தைவெளி. ஒரு ஓரத்தில் புளிய மரங்கள், மறு ஓரத்தில் ஏரி வாய்க்கால். அங்கேதான் தபசு மரம் நடுவார்கள், அங்கேதான் படுகளம். முதலில் அதில் ஒரு மூலையில் சிமெண்ட் கலையரங்க மேடை வந்தது. நல்ல எண்ணத்தில்தான் கட்டினார்கள், திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் எல்லாம் இருக்கிறது. மேடை வந்ததும் 'இவ்வளவு செலவு பண்ணிக் கட்டியிருக்கு, மேலே ஏறி ஆடுங்கப்பா' என்று களரியை மேடைக்கு ஏற்றினார்கள். நாலு பக்கமும் உட்கார்ந்து, ஆடுகிறவரின் சலங்கை மண்ணைத் தூக்கி நம் மேல் அடிக்கிற தூரத்தில் பார்த்த கூத்து, ஒரே பக்கம் பார்த்து ஆடுகிற கூத்தாகிவிட்டது. கிறிக்கி அடித்துச் சுழன்று வருகிறவருக்கு மேடை விளிம்பைப் பற்றிய பயம் ஒன்று சேர்ந்துகொண்டது. கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் முன்பெல்லாம் பேசிக்கொண்டே கூட்டத்துக்குள் வந்து தூங்குகிறவரை எழுப்பி வம்பு இழுப்பார், இப்போது மேலே இருந்து குனிந்து பேசுகிறார்.

அதற்கு அடுத்து ஹைமாஸ்ட் விளக்கு வந்தது. ஊருக்கு வெளிச்சம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, பாம்பு பூச்சி இருக்கிற இடம். ஆனால் கூத்து நடக்கும் ராத்திரிகளில் அதை அணைக்க ஒரு ஸ்விட்ச் எங்கேயாவது இருக்க வேண்டும் இல்லையா? இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, உள்ளே துரியோதனன் திரை விருத்தம் பாட, கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேல் அசைய, எப்போது திரை விலகும் என்று அடிவயிறு கலங்க உட்கார்ந்திருப்போம், அந்தத் திரைக்குப் பின்னால் அவர் வேட்டியைச் சரிசெய்வது வரை இப்போது வெள்ளை வெளிச்சத்தில் தெரிகிறது.

கடைசியாகத் திடல் முழுவதும் பேவர் பிளாக் கல் பதித்தார்கள். இதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. கல் பதித்த இடத்தில் தபசு மரத்துக்குக் குழி தோண்ட முடியாது. மண் துரியோதனனைப் படுக்கவைக்க முடியாது. மண் கொண்டுவந்து கல்லின் மேல் கொட்டலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார், தொடையில் பானை புதைக்கக் குழி வேண்டும், அதைவிட முக்கியமாக வெறுங்காலோடு ஓட வேண்டிய இடம் அது, காலை ஒன்பது மணி வெயிலுக்கே அந்தக் கல் எப்படிக் கொதிக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒருமுறை படுகளத்தை ஊருக்கு வெளியே தார் ரோட்டு ஓரத்துக்கு மாற்றினார்கள். உருவம் பாதிக்குப் பாதி சுருங்கிப்போனது. பீமனும் துரியோதனனும் ஓட ஆரம்பித்ததும் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பஸ். ஒரு கண்டக்டர் விசில் அடித்து வழி கேட்டார், அவர் மேலும் தப்பு இல்லை, அவருக்கு நேரத்துக்குப் போகணும். துரியோதனன் வேடக்காரர் ஓட்டத்தை நிறுத்தி, பஸ் போகும் வரை கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அந்த ஊரில் யாரும் கூத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தடை இல்லை, வெறுப்பு இல்லை. வசூல் முன்பைவிட நன்றாகவே ஆகிறது. இடம் மட்டும் இல்லை. இடம் போனதால் நடப்பது போயிற்று, நடப்பது போனதால் பார்க்க வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள், நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மணி பன்னிரண்டுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

வெளியே பாருங்கள். காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு மாதம் ராமலீலை நடக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசி ராஜா உதித் நாராயண சிங் காலத்தில் வளர்ந்தது. அயோத்திக்கு ஒரு இடம், ஜனகபுரிக்கு ஒரு இடம், பஞ்சவடிக்கு ஒரு இடம், ஊர்க்கோடியில் இலங்கைக்கு ஒரு பெரிய மைதானம் என்று நிரந்தரமாக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ராமன் காட்டுக்குப் போனால் கூட்டமும் பின்னாலேயே நடக்கிறது. இன்றைக்கும் மைக் கிடையாது, மின் விளக்கு கிடையாது, பெட்ரோமாக்ஸ்தான். ராமலீலையை யுனெஸ்கோ 2008-ல் தன் கலாச்சார மரபுகள் பட்டியலில் சேர்த்தது. பக்கத்தில் கேரளத்தில் முடியேற்று, காளி தாரிகனைக் கூட்டத்துக்குள் துரத்திக்கொண்டு ஓடுகிற சடங்கு நாடகம், அது 2010-ல் அதே பட்டியலில் வந்தது. நம் பாரதக் கூத்து அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் வருவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ராம்நகரில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, அங்கே இடத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள், அதனால் நாடகம் தன் உருவத்தோடு நிற்கிறது. அங்கே ராஜா குடும்பம் பார்த்துக்கொண்டது. நமக்கு ராஜா தேவையில்லை, ஊராட்சி போதும்.

மைக் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, பண்டிகைகளுக்கு வருடத்தில் சில நாள் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு அதனால் ஊருக்கு ஊர் போலீஸ் தகராறு வருகிறது. என் கருத்தைக் கேட்டால், களரியில் தொங்கவிட்ட மைக்தான் நடிகர்களை முதலில் ஒரே இடத்தில் கட்டிப்போட்டது. மூன்று மைக் தொங்கும், பாட்டு வந்ததும் எல்லாரும் அதன் கீழே வந்து நிற்பார்கள், ஆட்டம் அந்த ஐந்து அடிக்குள் சுருங்கிவிடும். பின்பாட்டுக்காரர்களின் குரலுக்கு நாலு திசையும் கேட்கும் சக்தி இருந்த காலம் ஒன்று உண்டு, அந்தக் குரல் இன்றும் சில குழுக்களில் இருக்கிறது. கூட்டம் சுற்றி நெருங்கி உட்கார்ந்தால் அதுவே போதும். ஏரிக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவருக்கும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டால்தான் ஒலிபெருக்கிக் குழாய் வேண்டும். கூத்துக்காரர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், தொண்டை அவர்களுடையது, அதனால் முடிவும் அவர்களுடையதே.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் பாதி பொய்யாகிவிடும். கதை தெருவில் நடக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறேனே, எந்தத் தெருவில்? பீமன் வண்டி ஊர்த் தெரு எல்லாம் சுற்றிவிட்டு, காலனிக்குத் திரும்புகிற முக்கில் மாட்டை மடக்கித் திருப்புகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே முக்கில் பிள்ளைகள் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். 2023-ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் போகக்கூடாது என்ற தகராறில் கோயிலுக்கே சீல் வைக்கும்படி ஆனது. திடலைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிற நான் அந்தத் திடலில் எல்லாரும் நிற்க வேண்டும் என்றும் கேட்கிறேன். அசுரனுக்குச் சோறு எல்லா வீட்டில் இருந்தும் போக வேண்டும் என்பதுதான் கதையே. வண்டி எல்லாத் தெருவுக்கும் போகட்டும். இதற்கு நிதி எதுவும் வேண்டாம், விழாக் குழுவில் நாலு பேருக்கு மனசு வந்தால் அடுத்த வருடமே நடக்கும்.

அரசிடமும் ஊராட்சிகளிடமும் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்தத் திடல்கள் பல ஊர்களில் மந்தைவெளிப் புறம்போக்கு, கோயில் புறம்போக்கு, நத்தம் என்று ஏதோ ஒரு வகையில் கிராமக் கணக்கில் இருக்கின்றன. 'காலி இடம்' என்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது காலி. வருடத்தில் முந்நூற்று நாற்பது நாள் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், நெல் காயும், மீதி நாளில் அது குருக்ஷேத்திரம். அதனால் பாரதம் நடக்கிற ஒவ்வொரு ஊரிலும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போடலாம், இந்தச் சர்வே எண்ணில் இருக்கிற திடல் கூத்துக்கும் படுகளத்துக்கும் உரியது, இதில் கட்டடமோ கல் தளமோ போடக்கூடாது என்று. மே 1 கிராம சபை சரியாகக் கூத்துக் காலத்தில்தான் வருகிறது. ஊரில் எல்லாரும் அப்போது அங்கேயேதான் இருப்பார்கள். வருவாய்த் துறையும் அதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டால் அடுத்து வருகிற பொறியாளர் எஸ்டிமேட் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார். கலையரங்கம் கட்ட நிதி வந்தால் திடலை விட்டு வேறு இடத்தில், பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் கட்டலாமே, ஆண்டு விழாவுக்கும் ஆகும். கூத்துக்காரர்களுக்கு என்று கட்ட ஆசை இருந்தால் வேடம் கட்ட ஒரு அறை, குளிக்கத் தண்ணீர், ஒரு கழிவறை கட்டிக் கொடுங்கள். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு அரிதாரத்தை அழிக்க ஒரு வாளி தண்ணீருக்காக வீடு வீடாகப் போய் நிற்கிறார்கள்.

மின்வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகக் கம்பி இழுக்கும்போது தபசு மரம் நடுகிற இடத்துக்கு மேலே இழுக்காதீர்கள். ஐம்பது அடி உயரத்தில் ஒரு மனிதர் பாடிக்கொண்டு நிற்கிறார்.

அப்புறம் வெளியூரில் இருந்து பார்க்க வருகிறவர்களுக்கு. வாருங்கள், தயங்காதீர்கள், எந்த ஊரிலும் உங்களை யார் என்று கேட்டு நிறுத்த மாட்டார்கள், சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். போன கோடையில் என்னோடு வேலை செய்யும் நண்பர் குடும்பத்தோடு படுகளத்துக்கு வந்தார். அவர் பெண் எட்டாவது படிக்கிறாள், வரும் வழியெல்லாம் போன்தான். துரியோதனன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் பக்கம் ஓடி வந்ததும் போனை அம்மா கையில் திணித்துவிட்டுத் தானும் ஓடினாள், சண்டை முடிகிற வரை எங்கள் கண்ணில் படவே இல்லை, கடைசியில் காந்தாரி ஒப்பாரி வைக்கும் இடத்தில் மூன்று கிழவிகளுக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாயோ சாக்கோ எடுத்துக்கொள்ளுங்கள், தோளில் ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், விடியற்காலைக் குளிருக்கு ஒரு போர்வை. வேடம் கட்டுகிற இடத்துக்குப் போனால் ஓரமாக நின்று பாருங்கள், ஆனால் பிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள், மரத்தடியில் ஈரப் புடவையோடு கிடக்கிற பெண்களைப் படமே எடுக்காதீர்கள். டிரோன் விடுகிறவர்கள் சிலர் இப்போது வர ஆரம்பித்திருக்கிறார்கள், அர்ச்சுனன் உச்சியில் நின்று ஒரு கையால் பரணைப் பிடித்துக்கொண்டு பாடும்போது காது பக்கத்தில் அது இரைந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசியுங்கள். தட்டு வந்தால் காசு போடுங்கள், யார் பெயரில் போடுகிறீர்கள் என்று கட்டியங்காரன் கேட்டுச் சத்தமாகச் சொல்லுவார், அது அங்கே மரியாதை.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. மாவட்டப் பக்கத்தில் கோயில் விழாக்களைப் போடுகிறீர்கள், அதில் பாரதம் நடக்கிற ஊர்களுக்கு பகாசூரன், தபசு, படுகளம் இந்த மூன்று நாளையும் நேரத்தோடு போடுங்கள். நோட்டீஸ் எல்லா ஊரிலும் அடிக்கிறார்கள், விழாக் குழுவினர் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். முடிந்தால் இந்த முறை தீமிதிக்குப் படம் எடுக்க வருகிற நிருபரை முந்தின ராத்திரியே அனுப்பிவையுங்கள். விடிவதற்கு முன்னால் வந்துவிட்டால் முகம் வைப்பதைப் பார்க்கலாம், மூக்கும் மீசையும் அப்போதுதான் வரும். திடலில் என்ன கட்டியிருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதையும் அவர் அப்படியே நடந்து பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
செய்யாறு